பயத்தங்காய்ப் பாத்தியில் மக்கு உரம்: வேரைக் கழுவிப் பார்த்த பதிவு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் பக்கத்துப் பழைய தோட்ட நிலத்தை மம்பட்டியால் கொத்திப் பார்த்தவர்களுக்கு அந்த மண் தெரியும். மேலே விரல் கனத்துக்குக் கொஞ்சம் கறுப்பு, அதற்குக் கீழே நேராக மஞ்சள். மழை பெய்தால் வழுக்கும். இரண்டு நாள் வெயில் அடித்தால் மம்பட்டி எகிறும் அளவுக்கு இறுகிவிடும். 1877-இல் பக்கத்துக் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகளை ஊன்றினார்கள். பிற்பாடு இந்த மேட்டு நிலமெல்லாம் பால் மரமாகி, அதன்பின் பெரும்பகுதி எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனையாகிவிட்டது. இத்தனை காலமும் மண்ணிலிருந்து எடுத்தோம், பதிலுக்கு மூட்டை உரம் கொட்டினோம். மண்ணுக்குள் வாழும் உயிர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

என் அம்மா தோட்டத்தில் மருந்தடிக்கிற வேலை பார்த்தவர். முதுகில் டப்பாவைச் சுமந்து அவர் அடித்த பாராகுவாட் என்ற களைமருந்துக்கு மலேசியாவில் முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1-ஆம் தேதிதான். அந்த மருந்து களிமண்ணில் இறுக ஒட்டிக்கொண்டு பல ஆண்டுகள் அப்படியே கிடக்கும் தன்மை உடையது. இப்போது நான் காய்கறி போடும் துண்டு நிலம் அப்படிப்பட்ட ஒரு தோட்டத்தின் ஓரம். அதனால் இங்கே கம்போஸ்ட் போடுவது எனக்கு வெறும் விளைச்சல் கணக்கு இல்லை.

பயத்தங்காய், அவரை, சிறகவரை போன்ற பயறு இனங்களுக்கு மக்கு உரம் போடும் பலர், ‘இலை கருகருவென்று வரும்’ என்று சொல்லித்தான் போடுகிறார்கள். இந்தப் பயிரில் இலையை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது என்பதே என் கட்சி. பயத்தங்காய் தனக்கு வேண்டிய தழைச்சத்தில் (நைட்ரஜன்) பெரும்பகுதியை வேரில் முடிச்சுப் போட்டுக் குடியிருக்கும் பாக்டீரியாவிடமிருந்து வாங்கிக்கொள்ளும். காற்றில் இருக்கும் நைட்ரஜனை இப்படிச் செடிக்குச் சேர்ப்பது வேர் முடிச்சுதான் என்பதை ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் 1880-களிலேயே நிறுவிவிட்டார்கள். அந்த பாக்டீரியாவைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் டச்சுக்காரர் பெயரிங்க், 1888-இல். ஆகவே மக்கு உரம் வேலை செய்ததா என்று தெரிய வேண்டுமானால் வேரைத் தோண்டிக் கழுவிப் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான்கு பாத்தி எடுத்தேன். ஒவ்வொன்றும் 4 அடி அகலம், 20 அடி நீளம். ஒன்றில் நானே செய்த மக்கு உரம். அடுத்ததில் கோழிப் பண்ணையிலிருந்து வந்த பச்சைக் கோழி எரு, அதே எடை. மூன்றாவதில் கடையில் வாங்கிய 15:15:15 மூட்டை உரம், அதாவது தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சமமாக உள்ள ரசாயன உரம். நான்காவதில் எதுவும் இல்லை. டோலமைட் சுண்ணாம்பை மட்டும் நான்குக்கும் ஒரே அளவாகச் சதுர மீட்டருக்கு 200 கிராம் தூவி, இரண்டு வாரம் ஆறவிட்டேன். கடையில் கிடைக்கும் சோதனைத் திரவத்தில் எங்கள் மண்ணின் அமில அளவு (pH) 5-க்கும் கீழே காட்டியது. அந்த அமிலத்தில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், முடிச்சு பாக்டீரியாவும் பெருகாது. முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்கு மாலிப்டினம் என்ற சத்து துளியளவு தேவை, அமில மண் அதையும் கட்டிப்போட்டுவிடும். ஈப்போவைச் சுற்றிச் சுண்ணாம்புக் குன்றுகள் இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், சுண்ணாம்புக்குப் பஞ்சமில்லை. மக்கு உரம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், இந்த மண்ணில் சுண்ணாம்பு இல்லாமல் பயறு போடாதீர்கள்.

இனி குவியல். செலவு குறைவு, இடுப்பு வலி அதிகம்.

சாமான் எல்லாம் ஊருக்குள்ளேயே கிடைத்தது. செம்பனை எண்ணெய் மில்லிலிருந்து பழம் பிரித்தெடுத்த வெறுங்குலை, மிஷினில் அடித்து நாராக்கியது. உமி கலந்த கோழி எரு. மாடு வைத்திருக்கும் ஒரு அக்கா வீட்டுச் சாணி. புல், வாழை மட்டை, காலைச் சந்தையில் கழித்துப் போடும் கீரைத் தண்டு. கோவிலிலிருந்து வாடிய மாலைகளும் வரும். அவற்றில் நைலான் நூலை உருவிவிட்டுத்தான் போட வேண்டும். இல்லாவிட்டால் பிறகு பாத்தி முழுக்க நூல் சுற்றிக் கிடக்கும். தேங்காய்ப் பால் பிழிகிற கடையில் சக்கை சும்மா தருகிறார்கள். அதைக் கொஞ்சமாகச் சேர்க்கலாம். அதிகமானால் எண்ணெய் சிக்கிக் காற்று போகாது, எலியும் வரும். களைமருந்து அடித்த சாலையோரப் புல்லை நான் தொடுவதே இல்லை. சில வகைக் களைமருந்து மக்கின பிறகும் தங்கி, பயறு இனத்தைத்தான் முதலில் பிடிக்கும். இலை கிண்ணமாகச் சுருண்டு நின்றுவிடும்.

வெறுங்குலை நாரில் கரிமம் அதிகம், தழைச்சத்து குறைவு. விகிதம் ஐம்பதுக்கு ஒன்றைச் சுற்றி இருக்கும். கோழி எருவில் அதற்கு நேர்மாறாகத் தழைச்சத்துதான் தூக்கல். குவியல் நன்றாகச் சூடேற இருபத்தைந்து முப்பதுக்கு ஒன்று வேண்டும். கூடைக் கணக்கில் நார் மூன்று, கோழி எரு ஒன்று, பச்சைக் குப்பை ஒன்று, இடையிடையே சாணிக் கரைசல் என்று அடுக்கினேன். ஆங்கிலேயப் பயிர் விஞ்ஞானி ஆல்பர்ட் ஹோவர்ட் 1924 முதல் 1931 வரை இந்தூரில் இருந்து வகுத்த முறையின் எலும்பும் இதுதான்: செடிக் கழிவும் சாணியும் மாறி மாறி, நடுவில் காற்று, அவ்வப்போது கிளறல். அவர் எழுதியது இந்தியப் பருத்தி நிலத்துக்கு. நமக்கு இங்கே கூடுதலாக ஒன்று வேண்டும், கூரை. ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊரில் திறந்த குவியல் சாறாக வடிந்து வாய்க்காலுக்குப் போய்விடும். வெறுங்குலையின் பெரிய சொத்தே சாம்பல் சத்து (பொட்டாசியம்). அது தண்ணீரில் எளிதாகக் கரைந்து ஓடுவது. பழைய ஜிங் தகடு நான்கைக் கட்டைகள் மேல் சாய்த்துக் கட்டினேன்.

குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றும் 4 அடிக்குக் குறையக் கூடாது. குறைந்தால் சூடு நிற்காது. ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி அள்ளிப் பிழிவேன். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், வழியக் கூடாது. மில் கொதிகலன் சாம்பலைச் சிலர் இந்தக் கட்டத்திலேயே கலக்கிறார்கள். அது காரம். கோழி எருவோடு சேர்ந்ததும் தழைச்சத்தை அம்மோனியாவாகக் கிளப்பிவிடும், மூக்கில் ஏறும் அந்த வாடையே நமது நஷ்டம். சாம்பல் போட வேண்டுமானால் மக்கி முடிந்த பிறகு போடலாம்.

மூன்றாம் நாளே உள்ளே கொதித்தது. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு இரும்புக் கம்பியை நடுவரை குத்தி ஐந்து நிமிடம் விட்டு உருவிப் பார்க்கலாம். உள்ளங்கையால் பிடித்தபடி இருக்க முடியாத சூடு என்றால் ஏறத்தாழ 60 டிகிரி. 55-க்கு மேல் சில நாள் நின்றால்தான் களை விதையும் நோய்க் கிருமியும் ஈ முட்டையும் அழியும். 70-ஐத் தொட்டால் நமக்கு வேண்டிய உயிர்களும் செத்துவிடும். உடனே கிளற வேண்டும். முதல் கிளறலின்போது ஓரத்தைப் பிளந்ததும், ஒரு சாண் ஆழத்தில் நார்களின் மேல் வெள்ளைச் சாம்பல் தூவினது போல ஒரு படலம் தெரிந்தது. விரலால் தொட்டால் பொடியாக உதிரும். பார்க்கிறவர்கள் பூசணம் பிடித்துக் கெட்டுப்போனது என்பார்கள். அது ஆக்டினோமைசீட்ஸ் என்கிற பாக்டீரியா இனம். சூட்டிலும் நாரைத் தின்று உடைப்பது. முதல் மழையில் மண்ணிலிருந்து எழும் வாசனை இந்த இனம் விடுவதுதான். குவியலில் அந்த வாசனை வந்தபோது மனசுக்கு நிறைவாக இருந்தது.

செம்பனை சூழ்ந்த ஊரில் கம்போஸ்ட் போடுகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு. சூடு தணிந்த குவியலில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். மக்கும் செம்பனைக் கழிவு அதற்குப் பிடித்த இடம். புழு கட்டை விரல் பருமனுக்கு, வெள்ளையாக, ஆங்கில ‘C’ எழுத்தின் வளைவில் சுருண்டு கிடக்கும். வளர்ந்து வண்டானால் இளம் பனையின் குருத்தைத் துளைத்து மரத்தையே முடக்கிவிடும். நம் குவியலிலிருந்து பறக்கும் வண்டு பக்கத்து நிலத்துக்காரரின் வயிற்றில்தான் அடிக்கும். முட்டை வண்டாக மாறப் பல மாதம் பிடிக்கும் என்பதால், மாதம் ஒருமுறை அடிவரை கிளறிப் புழுக்களைப் பொறுக்கினால் போதும். என் குவியலில் கிடைத்தவற்றைக் கோழிக்குப் போட்டேன். ஆறப்போடும் காலத்தில் மேலே பழைய மீன் வலையை இரண்டு மடிப்பாகப் போர்த்தினேன்.

அந்த ஆறப்போடும் காலத்தைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். சூடு அடங்கி, கறுத்து, உதிரியானதும் ‘ஆகிவிட்டது’ என்று அள்ளிவிடுகிறார்கள். ஆகவில்லை. இன்னும் ஒன்றரை இரண்டு மாதம் நிழலில் கிடக்க வேண்டும். அப்போதுதான் மண்புழு, பூஞ்சை, சின்னச் சின்னப் பூச்சிகள் எல்லாம் உள்ளே குடியேறும். மிச்சமிருக்கும் அம்மோனியாவும் அடங்கும். முதிர்ச்சி பார்க்க இரண்டு வழி வைத்திருக்கிறேன். ஈரமான ஒரு பிடியைப் பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி மூன்று நாள் கழித்துத் திறந்தால், மண் வாசனை மட்டும் வர வேண்டும். புளித்த வாடையோ அழுகின வாடையோ வந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மற்றது, அதே உரத்தையும் சாதா மண்ணையும் பாதிப் பாதி கலந்து ஒரு டப்பாவில் பச்சைப்பயறு போடுவது. பயறு எல்லாம் முளைத்து, மூன்றாம் இலை நேராக விரிந்தால் பாத்திக்குப் போகலாம். களைமருந்து மிச்சம் இருந்தாலும் இதிலேயே காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மக்கு உரத்தில் வேர் முடிச்சு பாக்டீரியா இருக்கும் என்று நம்பிப் போடக் கூடாது. அந்தச் சூட்டில் அது தங்காது. மக்கு உரம் அதற்கு இடம் சீர்செய்து கொடுக்கும், அவ்வளவுதான். பாக்டீரியாவை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். தோட்டத்து ஆட்களுக்கு அந்த இடம் கண்ணெதிரேயே இருக்கிறது. மறுநடவு செய்த இளம் செம்பனைக்கு நடுவில் தரையை மூடிப் படரவிடும் கொடி இருக்கிறதே, கவர் கிராப் என்போமே, பியுராரியா, கலப்பகோனியம், சென்ட்ரோசிமா வகையறா, அவை எல்லாம் பயறு இனம். அவற்றின் வேரில் இருக்கும் பாக்டீரியாவும் பயத்தங்காய்க்கு ஆகிற பாக்டீரியாவும் ஒரே கூட்டம். சிறகவரைக்கும் அது ஆகும். கேமரன் மலையில் விளையும் பீன்ஸுக்கும் சோயாவுக்கும் வேறு கூட்டம் வேண்டும். அவற்றுக்கு இந்த வழி பலிக்காது.

நிலத்துக்காரரிடம் கேட்டுக்கொண்டு, அந்தக் கொடி செழித்த இடத்தில் ஒரு வேரை இழுத்து முடிச்சைப் பார்த்துவிட்டு, வேரோடு ஒட்டிய மண்ணில் ஒரு சிறு பை எடுத்து வந்தேன். விதைக்கும் காலையில் ஆறின அரிசிக் கஞ்சியில் விதையைப் புரட்டி, அந்த மண்ணைச் சலித்துத் தூவி, நிழலில் உலர்த்தி, உடனே ஊன்றிவிட்டேன். நாலு பாத்திக்கும் இதே விதைதான். வெயிலில் காயவைத்தால் பாக்டீரியா செத்துவிடும். கடையில் வரும் சில விதைகள் மருந்து பூசிச் சிவப்பாக இருக்கும். பூஞ்சைக் கொல்லி பூசிய விதைக்கு இந்த வேலை வீண். நான் போன போகத்தில் முற்றவிட்டு எடுத்த சொந்த விதையைப் போட்டேன்.

மக்கு உரம் பாத்திக்கு 11, 12 கிலோ, அதாவது சதுர மீட்டருக்கு ஒன்றரை கிலோ. மேல் 3, 4 அங்குல மண்ணோடு கலந்து, மேலே காய்ந்த புல் மூடாக்கு. ஆழமாகப் புதைக்கத் தேவையில்லை. வேலை செய்கிற உயிர்கள் எல்லாம் மேலேதான் இருக்கின்றன.

முளைத்து இரண்டாம் மூன்றாம் வாரத்தில் ஒரு சோதனைக் காலம் வரும். விதையிலிருந்த சத்து தீர்ந்திருக்கும், முடிச்சு இன்னும் வேலையைத் தொடங்கியிருக்காது. இலை லேசாக வெளிறும். கோழி எருப் பாத்தியும் மூட்டை உரப் பாத்தியும் அப்போது கரும்பச்சையில் நின்றன. என் மக்கு உரப் பாத்தி நடுத்தரம். பக்கத்து நிலத்து அண்ணன் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்:

“என்னா தம்பி, கொடி வெளுத்துக் கெடக்கு? ஒரு பிடி யூரியா வீசு, மூனே நாள்ல பாரு.”

“இருங்கண்ணே, பூ வரட்டும்.”

“எலைக்கே ரத்தம் இல்ல, பூ எங்கேருந்து வரும்?”

அவர் அக்கறையில்தான் சொன்னார். பல பேர் பயறு கெடுவது இந்த ஒரு பிடியில்தான். மண்ணில் நைட்ரேட் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடாது. முடிச்சுக்குள் இருக்கும் பாக்டீரியாவுக்குச் செடி தன் சர்க்கரையில் பங்கு கொடுத்தாக வேண்டும். தழைச்சத்து சும்மா கிடைக்கும்போது அந்தச் செலவை அது செய்வதில்லை. நன்றாக மக்கிய உரத்தில், காய்ந்த எடைக்கு ஒன்று முதல் இரண்டு சதவீதம் தழைச்சத்து இருக்கும். முதல் போகத்தில் செடிக்குக் கிடைப்பது அதிலும் சிறு பங்குதான். இந்தக் குறைச்சலே பயத்தங்காய்க்கு நல்லது. வெளிறும் இரண்டு வாரத்தைத் தாண்டிவிட அது போதும், முடிச்சைத் தடுக்க அது போதாது. பச்சைக் கோழி எருவில் தழைச்சத்து அதைவிட இரண்டு மடங்குக்கு மேல், பாதிக்கு மேற்பட்டது சில வாரத்திலேயே கரைந்து வந்துவிடும்.

பூ தொடங்கியதும் ஒவ்வொரு பாத்தியிலும் நடுவாகப் பார்த்துச் செடிகளைத் தோண்டினேன். பிடுங்கக் கூடாது, பிடுங்கினால் முடிச்செல்லாம் மண்ணிலேயே அறுந்து நின்றுவிடும். தண்டைச் சுற்றி ஒரு சாண் விட்டு மம்பட்டியை நேராக இறக்கி, மண் கட்டியோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அரை மணி ஊறவிட்டு, மெல்ல அலசி எடுத்தேன்.

கோழி எருச் செடியின் வேர் நீளமாக, வெள்ளையாக, அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கடுகளவு முடிச்சோடு வந்தது. மேலே இலை உள்ளங்கையை மறைக்கும் அளவு. குருத்தெல்லாம் கறுப்பு அசுவினி, அதைச் சுற்றி எறும்பு. மூட்டை உரச் செடியிலும் முடிச்சு குறைவு. ஒன்றும் போடாத பாத்தியில் முடிச்சு இருந்தது. ஆனால் சவரப் பிளேடால் பிளந்து பார்த்தால் பாதிக்குமேல் உள்ளே வெள்ளை அல்லது இளம்பச்சை. அவை வேலை செய்யாத முடிச்சு.

மக்கு உரச் செடியின் வேரை வாளியிலிருந்து தூக்கியபோது, ஆணிவேர் தண்டோடு சேரும் இடத்திலேயே முடிச்சுகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு இருந்தன. மிளகளவு, சில அதைவிடப் பெரிது. மேல்தோல் சொரசொரவென்று வெளிர் பழுப்பு. ஒன்றைப் பிளந்ததும் உள்ளே பச்சை இறைச்சியின் சிவப்பு, பிளேடில் ஈரம் ஒட்டியது. கொஞ்ச நேரம் காற்றில் வைத்ததும் அந்தச் சிவப்பு பழுப்பாக மங்கியது. அந்த நிறம் லெக்ஹீமோகுளோபின். நம் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபினுக்கு உறவு. பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும், ஆனால் நைட்ரஜனைப் பிடிக்கும் நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். அதனால் செடி இந்தச் சிவப்புப் பொருளை வைத்து அளந்து அளந்து ஆக்சிஜன் கொடுக்கிறது. உள்ளே சிவப்பு இருந்தால் முடிச்சு உழைக்கிறது என்று அர்த்தம். வேலியோர அண்ணனைக் கூப்பிட்டு அதைக் காட்டினேன். இரண்டு செடியையும் கையில் வாங்கி வெகு நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

முடிச்சு எண்ணும்போது, வேரைத் தாக்கும் நூற்புழு என்ற நுண்புழு உண்டாக்கும் கட்டியை முடிச்சென்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், நகத்தால் தள்ளினால் உதிரும். நூற்புழுக் கட்டி வேரே வீங்கியது. தள்ளினால் வராது, வேர்தான் அறும். ஒன்றும் போடாத பாத்தியிலும் மூட்டை உரப் பாத்தியிலும் அந்த வீக்கம் நன்றாகத் தெரிந்தது. மக்கு உரப் பாத்தியில் அரிதாகத்தான் கண்டேன். உயிர்ச் செறிவான மண்ணில் நூற்புழுவைத் தின்னும் பூஞ்சையும் சிற்றுண்ணியும் மற்ற நூற்புழுக்களும் பெருகுவது இதற்கு ஒரு காரணம்.

அந்த உயிர்களையும் பார்த்துவிட நினைத்தேன். ஒன்றரை லிட்டர் மினரல் பாட்டிலை வெட்டிப் புனலாகக் கவிழ்த்து, வாயில் கொசுவலைத் துண்டு வைத்து, மேல்மண்ணை ஒரு பிடி போட்டு, மேலே பழைய குண்டு பல்பு ஒன்றை எரியவிட்டேன். மண் மேலிருந்து காயக் காயப் பூச்சிகள் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கி, அடியில் வைத்த குவளையில் விழும். இத்தாலியரான அந்தோனியோ பெர்லேசே 1905-இல் செய்த கருவியின் வீட்டு வடிவம் இது. அதில் பல்பைக் கொண்டுவந்தவர் சுவீடன்காரர் துல்கிரென். மக்கு உரப் பாத்தி மண்ணிலிருந்து விழுந்தவற்றைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் குவளை முழுக்க அசைவு. வாலை மடக்கி எகிறும் வெள்ளைப் பூச்சிகள், மினுமினுக்கும் சிற்றுண்ணிகள், ஒரு குட்டிப் பூரான். மூட்டை உரப் பாத்தி மண்ணிலிருந்து தேடித்தான் எடுக்க வேண்டியிருந்தது. இந்தப் பூச்சிகள் பூஞ்சையையும் பாக்டீரியாவையும் மேய்ந்து கழிக்கும்போது, அவற்றின் உடம்பில் இருந்த சத்து செடிக்குக் கிடைக்கிற வடிவத்தில் சொட்டுச் சொட்டாக வெளியே வருகிறது. உரம் மெதுவாக வேலை செய்கிறது என்று நாம் சொல்வதன் உள்விவரம் இதுதான்.

மண்புழு பற்றியும் கொஞ்சம். ரப்பர்த் தோட்டத்து மண்ணில் நாம் அதிகம் பார்ப்பது பொன்டோஸ்கோலெக்ஸ் என்ற வெளிறிய புழு. ரப்பர் மரத்தைப் போலவே அதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. மண்ணைத் தின்றே வாழும். அது மட்டும் பெருகினால் மண் இறுகுவதும் உண்டு. மக்கு உரமும் மூடாக்கும் போட்ட இடத்தில் கருஞ்சிவப்பாக, தொட்டால் துள்ளும் இன்னொரு வகை மேல்மட்டத்தில் சேர்ந்தது. குப்பையை மண்ணாக்குவது அந்த வகை. இரண்டும் சேர்ந்து இருந்த இடத்தில் மண் கொண்டைக்கடலை அளவு உருண்டைகளாக உதிர்ந்தது. அடிப்பாகம் வெட்டிய மைலோ டின்னைத் தரையில் அழுத்தி ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். மக்கு உரப் பாத்தியில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கிவிட்டது. மூட்டை உரப் பாத்தியில் தேங்கி நின்றது. மதியம் கொட்டும் மழையில் இதன் அருமை தெரியும்.

காய் விவரம். முதல் பறிப்புகளில் மூட்டை உரப் பாத்தி முந்தியது, அதை மறைக்க மாட்டேன். கோழி எருப் பாத்தியில் கொடி பந்தலைத் தாண்டி வளர்ந்தது, பூ பிந்தியது, பூத்ததிலும் நிறைய உதிர்ந்தது. மூன்றாம் வாரத்துக்குப் பிறகு மூட்டை உரப் பாத்தி தளர்ந்து அடி இலை மஞ்சளானபோது, மக்கு உரப் பாத்தி காய் விட்டுக்கொண்டே இருந்தது. பயத்தங்காய் ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்கிற பயிர். வருமானம் எத்தனை வாரம் நீள்கிறது என்பதில்தான் இருக்கிறது. நீண்ட நாள் பறித்ததால் மொத்த எடையில் மக்கு உரமே முன்னே நின்றது. ஒன்றும் போடாத பாத்தியைப் பற்றி எழுத அதிகம் இல்லை. காய் குட்டை, சீக்கிரம் ஓய்ந்தது.

மணிச்சத்துக்கும் (பாஸ்பரஸ்) ஒரு வரி. நம் செம்மண் மஞ்சள் மண்ணில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தைப் பூட்டி வைத்துவிடும். மக்கு உரத்திலுள்ள கரிமப் பொருள் அந்தப் பூட்டுகளில் போய் உட்கார்ந்துகொள்வதால் மணிச்சத்து விடுபடும். வேரோடு சேர்ந்து வாழும் மைக்கோரைசா பூஞ்சை, வேர் எட்டாத இடத்திலிருந்தும் அதைக் கொண்டுவரும். வேர் முடிச்சுக்கு மணிச்சத்துப் பசி அதிகம். அதனால் இந்த இரண்டு உறவும் ஒன்றையொன்று தாங்குகின்றன. கரையும் மணிச்சத்தை அள்ளிக் கொட்டினால் செடி பூஞ்சையையும் கைவிட்டுவிடும்.

பறிப்பு ஓய்ந்ததும் கொடியைத் தரைமட்டத்தில் அறுத்தேன், வேரைப் பிடுங்கவில்லை. முடிச்சுகள் மண்ணுக்குள்ளேயே அழுகட்டும். அடுத்து அந்தப் பாத்தியில் போடும் கீரைக்கு அது ஆகும். நோயில்லாத கொடி குவியலுக்குப் போயிற்று. தேமல் வைரஸ் பிடித்த கொடிகளையும், நூற்புழு வீக்கம் தெரிந்த வேர்களையும் தனியே எரித்துவிட்டேன்.

இந்த வெப்பத்தில் மண்ணிலுள்ள மக்கு சீக்கிரம் கரைந்துபோகும். குளிர் நாட்டில் ஒருமுறை போட்டதை வைத்து ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது போல இங்கே ஓட்ட முடியாது. ஒவ்வொரு போகத்துக்கும் சதுர மீட்டருக்கு முக்கால் கிலோ என்று தொடர்ந்து போடுவதாக வைத்திருக்கிறேன். அடுத்த குவியல் சூடு அடங்கி நிழலில் கிடக்கிறது. அது முதிரும்போது சிறகவரை போடுவேன். அதன் முடிச்சுகள் பயத்தங்காயினதைவிடப் பெரிதாக வரும். கோழி எருப் பாத்தியில் இப்போது போட்டிருப்பது மக்காச்சோளம். அந்தத் தழைச்சத்தை உறிஞ்சி எடுக்கட்டும், பிறகு அங்கேயும் பயறு வரும்.